முப்பது நாளுக்குப் பிறகு

சாலையில் அடிபட்டவர் முப்பது நாளுக்குள் இறந்தால்தான் அது சாலை விபத்து மரணம். உலக அளவில் புள்ளிவிவரம் தொகுப்பவர்கள் ஏற்றுக்கொண்ட வரம்பு இது. முதுகெலும்பு முறிந்து, இரண்டு வருடம் படுக்கையில் கிடந்து, புண் புரையோடி, சிறுநீரகம் கெட்டு ஒருவர் இறந்துபோனால் அவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், 4,43,366 பேர் காயமடைந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. முதல் எண் தலைப்புச் செய்தியாகிறது. இரண்டாவது எண்ணுக்குள் முழங்கை சிராய்த்தவரும் இருக்கிறார். இனி ஒருநாளும் எழுந்து நிற்கப்போகாதவரும் இருக்கிறார். இருவருக்கும் ஒரே பெயர்: காயமடைந்தவர்.

இவர்களில் இரண்டாவது ஆளுக்காக அறுபது வருடங்களாக வேலை பார்த்துவரும் ஊர் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. வேலூருக்குத் தெற்கே, காட்பாடியிலிருந்து வரும் 1, 2 எண் டவுன் பஸ்கள் வந்து நிற்கும் பாகாயம்.

வெளியூர்க்காரர்களுக்குப் பாகாயம் என்றால் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சிஎம்சி) வளாகம், மனநல மையம், அதைத் தாண்டினால் கணியம்பாடி வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலை. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை வேலூர் நகரத்துக்குள் வளர்ந்தது. கல்லூரியும் அதைச் சார்ந்த பல பிரிவுகளும் ஊருக்கு வெளியே, குன்றுகளின் அடிவாரத்தில் இருந்த பாகாயத்துக்கு வந்தன. நகரத்துக்குள் இடம் கிடைக்காத மனிதர்களும் இங்கேதான் வந்தார்கள். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், குணமான பிறகும் சொந்த ஊரில் சேர்த்துக்கொள்ளப்படாத தொழுநோயாளிகளுக்காக 1950-களின் தொடக்கத்தில் 'நவஜீவ நிலையம்' என்ற சிறு குடியிருப்பைக் கல்லூரி வளாகத்திலேயே அமைத்தார். மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திவிட்டு அதோடு அனுப்பிவிட்டால் போதாது, அந்தக் கையால் பிழைக்கவும் கற்றுத்தர வேண்டும் என்பது அவர் கண்ட பாடம். சாலை விபத்துக்கும் இதற்கும் அப்போது ஒரு தொடர்பும் இல்லை. சில வருடத்தில் தொடர்பு வந்தது.

1954 ஜனவரி 30. சிஎம்சியின் இளம் மருத்துவர்கள் சிலர் ஒரு வண்டியில் வெளியூர்ப் பயணம் புறப்பட்டார்கள். வண்டி சாலையோர மைல்கல்லில் மோதிக் கவிழ்ந்தது. உள்ளே இருந்தவர்களில் ஒருவர் மேரி வர்கீஸ். கொச்சிக்குப் பக்கத்துச் செறாயியைச் சேர்ந்தவர், வேலூரில் படித்தவர், மகப்பேறு மருத்துவத்தில் தேற விரும்பியவர். முகம் கிழிந்தது, தண்டுவடம் நசுங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது.

அந்தக் காலத்தில் இதன் பொருள் என்ன என்பதை இன்றைய வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன்புவரை தண்டுவடம் அறுந்தவரைப் பெரும்பாலும் சாகப்போகிறவராகவே மருத்துவ உலகம் பார்த்தது. உணர்ச்சியற்ற தோல் படுக்கையில் அழுந்தி அழுகும். சிறுநீர் தானாக வெளியேறாமல் தேங்கி, கிருமி ஏறிச் சிறுநீரகம் கெடும். இந்த இரண்டுமே கொன்றன, அடிபட்ட எலும்பு கொல்லவில்லை. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-இல் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன், நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, சிறுநீர்ப்பையைச் சுத்தமாகப் பராமரிப்பது, உட்காரவைப்பது, பிறகு ஏதாவது வேலையிலும் விளையாட்டிலும் ஈடுபடுத்துவது என்று ஒரு முறையை நிலைநாட்டினார். 1948-இல் அங்கே சக்கர நாற்காலிக்காரர்கள் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பிற்காலத்துப் பாராலிம்பிக்கின் வேர். ஆனால் அந்த அறிவு இந்தியாவுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. தண்டுவடம் முறிந்தவர்களை உள்நோயாளியாக வைத்து மறுவாழ்வுப் பயிற்சி தரும் நிலையம் நாட்டில் எங்குமே இல்லை.

மாதக்கணக்கில் படுத்துக்கிடந்த மேரி வர்கீஸிடம் பால் பிராண்ட் ஒரு யோசனை சொன்னார். மகப்பேறு மருத்துவம் நின்று செய்யும் வேலை. கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம். செய்பவர் எவருமே உட்கார்ந்துதான் செய்கிறார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். இதில் நின்று யோசிக்க ஒன்று இருக்கிறது. தொழுநோயில் விரல் தேய்ந்துபோவதற்குக் காரணம் அழுகல் நோயல்ல, வலி தெரியாமல் போவதால் சூட்டிலும் உராய்விலும் காயம்பட்டுக்கொண்டே இருப்பதுதான் என்று உலகுக்குச் சொன்னவர் பிராண்ட். தண்டுவடம் முறிந்தவரின் காலுக்கும் அதே கதிதான். சுடுதண்ணீர் கொட்டினாலும் தெரியாது, செருப்புக்குள் ஆணி குத்தினாலும் தெரியாது. உணர்ச்சி இல்லாத கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர், உணர்ச்சி இல்லாத கால்களோடு அந்த மேசை முன் அமர்ந்திருந்தார். பாகாயத்தில் பிற்பாடு உருவான மருத்துவத்துக்கு இந்தச் சந்திப்பே அடித்தளம் என்று சொன்னால் மிகையாகாது.

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் அவர் தனக்கான மறுவாழ்வுப் பயிற்சியைப் பெற்றார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் அந்தத் துறையையே படித்தார். திரும்பிவந்து 1963-இல் சிஎம்சியின் உடலியல் மருத்துவம், மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உள்நோயாளிகளைத் தங்கவைத்து மறுவாழ்வு தரும் நிலையங்களில் இந்தியாவின் முதலாவது என்று அதைக் குறிப்பிடுவார்கள். 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. 1986-இல் காலமானார். விபத்துக்குப் பிறகு அவர் வாழ்ந்தது முப்பத்திரண்டு வருடம்.

ஊர்மக்கள் 'ரீஹேப்' என்றே சொல்லும் அந்த நிலையத்தில் நடப்பவை பார்வைக்குப் பெரிய வைத்தியமாகத் தெரியாது. படுத்தே கிடந்த உடம்பைச் சாய்வு மேசையில் கட்டி, ரத்த அழுத்தம் பழகும்வரை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துவார்கள். கைகளுக்கு உரம் ஏற்றுவார்கள், ஏனென்றால் இனிமேல் தோள்தான் கால். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிவறை இருக்கைக்கும் தானே நகர்ந்துகொள்ளப் பழக்குவார்கள். நாற்காலியில் இருக்கும்போது அடிக்கடி இரு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிருஷ்டத்துக்கு ரத்தம் பாயவிட வேண்டும், மறந்தால் புண். குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்ற நோயாளிக்கும் வீட்டாருக்கும் சொல்லித்தருவார்கள். கண்ணாடி வைத்து முதுகையும் குதிகாலையும் தினமும் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். இடுப்புவரை காலிப்பர் மாட்டி, இணைக்கம்பிகளுக்கு நடுவே நிற்கவைப்பார்கள். பிறகு தையல், கைத்தொழில், கடைக்கணக்கு என்று பிழைப்புக்கான வழி. மாதக்கணக்கில் நடக்கிற வேலை இது. நோயாளியின் மனைவியோ தாயோ கூடவே தங்கி எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு உயிர் நிற்பது அவர்கள் கையில்தான்.

இந்த நிலையத்துக்கு யார் வந்தார்கள் என்று பார்த்தால் இந்த வட்டாரத்தின் வரலாறு தெரியும். இந்தியாவில் தண்டுவட முறிவுக்கு முதல் காரணம் உயரத்திலிருந்து விழுவது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன: பனை, தென்னை, புளியமரம், கட்டடச் சாரம், சுற்றுச்சுவரில்லாத கிணறு. அடுத்தபடி சாலை விபத்து. சாலை இந்த வரிசையில் மேலேறி வந்தது எப்படி என்பதற்கு, பாகாயத்திலிருந்து வடக்கே சில மைல் போய்ப் பாலாற்றங்கரையைப் பார்க்க வேண்டும்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. தோல் மணக்கும் இந்த ஊர்களைக் கோத்து நிற்பது சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைதான் வந்தது. சரக்கு, ரயிலுக்குப் போய்ச்சேர்ந்ததும் ரயிலிலிருந்து வந்ததும் மாட்டுவண்டியில். பச்சைத்தோலும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஏற்றிய வண்டிகள், மனிதர் நடக்கும் வேகத்திலேயே போயின. அந்தச் சாலையில் நடப்பவருக்கும் வண்டிக்கும் இடையே வேக வித்தியாசம் இல்லை. வேக வித்தியாசம் இல்லாத இடத்தில் மோதல் நடந்தாலும் முதுகெலும்பு முறிவது அரிது.

பிறகு சைக்கிள் வந்தது. தோல் தொழிற்சாலைக்கு விடியலில் போகிற கூலிக்காரருக்கு அது பெரிய விடுதலை. அப்போதும் சாலையில் லாரிகள் சிலவே இருந்தன. நிலைமையைத் தலைகீழாக்கியது, சாலைக்குச் சம்பந்தமே இல்லாததுபோலத் தோன்றும் ஓர் அரசு முடிவு. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, பச்சைத்தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அப்படியே கப்பலேற்றுவதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுதாக முடித்த தோல், அதைவிட மேலாகச் செய்து முடித்த செருப்பும் ஷூவும் ஏற்றுமதியாக வேண்டும் என்பது நோக்கம். ஆம்பூர் பகுதியில் ஷூ கம்பெனிகள் பெருகின. தோல் பதனிடுவது பெரும்பாலும் ஆண்களின் வேலையாக இருந்தது. ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து காலையில் ஒரே நேரத்தில் வருகிறார்கள், மாலையில் ஒரே நேரத்தில் கலைகிறார்கள். கம்பெனி பஸ்ஸுக்கும் வேனுக்கும் காத்து நிற்பது சாலையோரத்தில். இறங்கினால் கடக்க வேண்டியதும் அதே சாலையை.

ஷூ ஏற்றுமதி வளர்ந்த அதே காலத்தில், அதே நெடுஞ்சாலையின் மேற்குக் கோடியில் ஓசூரில் இன்னொன்று பிறந்தது. 1980-இல் டிவிஎஸ் 50 வெளிவந்தது. இருவர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட் அதுதான். அதுவரை ஸ்கூட்டரும் புல்லட்டும் வசதிக்காரரின் வண்டிகள். டிவிஎஸ் 50 தோல் மண்டி கணக்குப்பிள்ளைக்கும் பால்காரருக்கும் கீரை வியாபாரிக்கும் கைக்கெட்டியது. முன்னால் மூட்டை, பின்னால் மனைவி, நடுவில் குழந்தை. தமிழ்நாட்டுக் கிராமத்தின் பொருளாதாரத்தை அந்த வண்டி மாற்றியது உண்மை. அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அதில் ஏறியவரின் உடம்புக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவே சட்டைத் துணியைத் தவிர வேறெதுவும் இல்லை.

1998-இல் அறிவிக்கப்பட்ட தங்க நாற்கரத் திட்டத்தில் இந்த நெடுஞ்சாலை சேர்ந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து ராணிப்பேட்டை வரை 46 என்ற எண்ணைத் தாங்கியிருந்த பாதை இன்று தேசிய நெடுஞ்சாலை 48. இரண்டு வழி நான்காகி, ஆறாக விரிந்தது. வாணியம்பாடியிலும் பள்ளிகொண்டாவிலும் டோல்கேட் வந்தது. காரில் போகிறவருக்குச் சென்னையும் பெங்களூரும் கிட்டே வந்தன. சாலைக்கு இந்தப்பக்கம் வீடும் அந்தப்பக்கம் கம்பெனியும் உள்ளவருக்கு, எதிர்ப்பக்கம் எட்டிப்போனது. வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். மணிக்கு முப்பது கிலோமீட்டரில் வரும் வண்டி மோதினால் நடந்துபோகிறவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். வேகம் ஐம்பதைத் தாண்டினால் அந்த வாய்ப்பு வேகமாகச் சரியும். நெடுஞ்சாலையை ஊருக்கு நடுவே விட்டுவிட்டு அகலப்படுத்துவதும், கடக்கப் பாதை எங்கே என்பதைப் பிறகு யோசிப்பதும் நம் நாட்டுப் பொறியியலின் பழைய பிழை. சாலைத்தடுப்பில் ஏறிக் குதிப்பவரைத் திட்டுவது எளிது. எட்டு மணி நேரம் தையல் மெஷினில் உட்கார்ந்து எழுந்தவரை, அரை கிலோமீட்டர் நடந்து சுரங்கப்பாதைக்குப் போய்த் திரும்பி வரச்சொல்லும் வரைபடத்தைத் திட்டுவதே நியாயம்.

2022-இல் நாட்டில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்; 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. அந்த வருடம் மிக அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105. இறந்தவர் 17,884 பேர்.

தலைக்கு வருவோம். வேலூருக்கு இதிலும் ஒரு முதல் இடம் உண்டு. கனடாவின் மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949-இல் சிஎம்சியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். மூளையைத் திறந்து ரத்தக்கட்டை எடுக்க நாட்டில் ஓர் இடம் ஏற்பட்டது. ஆனால் மூளை அறுவை நிபுணர் ஒருவரே, அறுவையைவிட மேலான வைத்தியம் வேறு இருக்கிறது என்பதை அதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்.

1935 மே மாதம் இங்கிலாந்தில், 'அரேபியாவின் லாரன்ஸ்' எனப் புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ் தன் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். சைக்கிளில் போன இரண்டு சிறுவர்கள்மேல் மோதாமலிருக்க வண்டியைத் திருப்பித் தூக்கியெறியப்பட்டார். தலையில் அடி, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைப் பார்க்க வரவழைக்கப்பட்ட மருத்துவர்களில் ஒருவர், ஆஸ்திரேலியாவில் பிறந்த நரம்பியல் அறுவை நிபுணர் ஹியூ கெய்ன்ஸ். காப்பாற்ற முடியாமல் போன அந்தத் தலை அவரை விடவில்லை. போர்க்காலத்தில் செய்தி கொண்டு செல்லும் ராணுவ மோட்டார் சைக்கிள்காரர்கள் வரிசையாகத் தலையுடைந்து வந்தபோது, குறிப்பெடுத்தார். போர் தொடங்கிய முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் 2,279 மோட்டார் சைக்கிள்காரர்களும் பின்னால் உட்கார்ந்து போனவர்களும் சாலையில் செத்திருந்தார்கள். கெய்ன்ஸிடம் வந்தவர்களில் ஹெல்மெட் அணிந்திருந்த நிலையில் அடிபட்டவர்கள் ஏழு பேர்தான். ஏழு பேருக்கும் மூளைக்காயம் இலேசாகவே இருந்தது. 1941-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஹெல்மெட்டைப் பற்றிய முதல் அறிவியல் சான்று. அவரது ஆக்ஸ்போர்டுத் துறையில் அப்போது வேலை பார்த்துவந்த ஜெர்மானிய யூத அகதி ஒருவர்தான், 1944-இல் ஸ்டோக் மாண்டவிலுக்குப் போன லுட்விக் குட்மன். தலையைக் காக்கும் அறிவும் முறிந்த தண்டுவடத்தோடு வாழவைக்கும் அறிவும் ஒரே கூரையின்கீழ் இருந்து கிளம்பியவை.

தமிழ்நாட்டில் அந்த அறிவு சட்டப்புத்தகத்துக்கு வந்து, சாலைக்கு வர நெடுநாள் ஆயிற்று. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆம் பிரிவில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது; சட்டம் 1989 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. நம் மாநிலத்தில் 2007 ஜூன் 1 முதல் கட்டாயம் என்று அறிவித்தார்கள். சில நாட்களிலேயே கெடுபிடி தளர்ந்தது. 2015-இல் விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றை விசாரித்த சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன், ஜூலை 1 முதல் ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் ஹெல்மெட் அணிந்தே ஆக வேண்டும், மீறினால் ஆவணங்களைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டபோதுதான் கடைகளில் ஹெல்மெட்டுக்குக் கூட்டம் அலைமோதியது. சட்டத்துக்கும் அந்தக் கூட்டத்துக்கும் இடையே இருபத்தாறு வருடம். சரியாக அணிந்த ஹெல்மெட் மரண வாய்ப்பை 42 சதவீதமும், தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று உலக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அந்த இருபத்தாறு வருடத்தில் எத்தனை தலைகள் போயின என்று கணக்கிடாமலே விட்டுவிட்டோம்.

இருந்தாலும் ஹெல்மெட்டால் முதுகெலும்பைக் காக்க முடியாது. தண்டுவடத்துக்கு இரண்டாவது ஆபத்து விழுந்த பிறகு வருகிறது. அடிபட்டவரைப் பார்த்ததும் ஓடிவரும் நான்கு பேர், இருவர் அக்குளிலும் இருவர் காலிலும் பிடித்துத் தூக்கி, ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் மடக்கி உட்காரவைப்பது நம்மூர் வழக்கம். அவர்களின் மனசு தங்கம். ஆனால் முறிந்த எலும்பு அந்த மடிப்பில்தான் தண்டுவடத்தை அறுக்கிறது. கழுத்தை அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் உடம்பைக் கட்டையை உருட்டுவதுபோல் ஒன்றாகத் திருப்பி, பலகையிலோ கதவிலோ படுக்கவைத்து எடுத்துச்செல்ல வேண்டும். மூச்சு இருந்து, வண்டி தீப்பிடிக்கும் ஆபத்து இல்லையென்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை தொடாமல் காவல் நிற்பதே பெரிய உதவி. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கியபோது வந்த மிகப் பெரிய மாற்றம் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். பலகையும் கழுத்துப்பட்டையும் வந்ததும் அதற்குக் குறையாத மாற்றம்.

அதற்கு முன்பு மருத்துவமனை வாசலே ஒரு தடையாக இருந்தது. கார் மோதிய ஒரு ஸ்கூட்டர்காரரை, போலீஸ் வழக்கு என்று சொல்லி ஒரு மருத்துவமனை ஏற்க மறுத்து வேறிடத்துக்கு அனுப்ப, வழியிலேயே அவர் இறந்த செய்தியைப் படித்துப் பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1989-இல் வந்த தீர்ப்பு, முதலில் உயிர், பிறகுதான் காகிதம் என்பதை எல்லா மருத்துவர்களுக்கும் கடமையாக்கியது. உதவ வந்தவரைப் போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது என்ற விதிகளை 2016-இல் அதே நீதிமன்றம் கட்டாயமாக்கியது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைக் குறிப்பிட்ட வரம்பு வரை தமிழ்நாடு அரசே கட்டுகிறது. 2022-இல் சிஎம்சி தன் விபத்துச் சிகிச்சை மையத்தை நகரத்து நெரிசலிலிருந்து ராணிப்பேட்டை அருகே, அதே நெடுஞ்சாலையை ஒட்டிய புதிய வளாகத்துக்குக் கொண்டுபோனது. பாகாயத்துக்கு அப்பால் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதல் மணி நேரத்துக்கும் முதல் இரண்டு நாளுக்கும் இன்று இந்த வட்டாரத்தில் வழி இருக்கிறது. 1954-இல் இவற்றில் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாளிலிருந்துதான் பாகாயத்தின் கேள்வி தொடங்குகிறது. மோதிவிட்டு நிற்காமல் போன வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் நடந்துபோனவரும் பின்விளக்கு இல்லாத சைக்கிளில் போனவரும் இதற்கு எளிதில் இரையாகிறார்கள். வண்டி எது என்று தெரியாததால் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் வழக்காட முடியாது. அப்படிப்பட்டவருக்காக அரசு வைத்திருக்கும் இழப்பீடு 2022 ஏப்ரல் முதல் உயர்த்தப்பட்டது: இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயமானால் 50,000 ரூபாய். அதற்கு முன்பு 25,000, 12,500. உயர்த்தியது நல்லதே. ஆனாலும் உயிரோடு மிஞ்சியவருக்குக் கால் பங்கு என்பது எந்தக் கணக்கில் சேரும்? இடுப்புக்குக் கீழே செயலிழந்த முப்பது வயதுத் தோல் தொழிலாளிக்குச் சக்கர நாற்காலி வேண்டும், சில வருடத்தில் அது தேய்ந்து இன்னொன்று வேண்டும். குழாய், மருந்து, நீர் மெத்தை, வாசற்படிக்குச் சாய்தளம், மேல்நாட்டுக் கழிவறை எல்லாம் வேண்டும். அவருடைய கூலி நின்றுபோனது. அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வீட்டில் இருக்க வேண்டியதால் ஷூ கம்பெனியில் தைத்துவந்த மனைவியின் கூலியும் நின்றுபோகும். ஒரு வீட்டில் இரண்டு சம்பளம் ஒரே நொடியில் அணைவதை 'கொடுங்காயம்' என்ற சொல் காட்டுவதில்லை.

சிகிச்சை முடிந்து போனவர்களை நிலையம் விட்டுவிடுவதுமில்லை. பழைய நோயாளிகளைப் பாகாயத்துக்கு வரவழைத்து, சிறுநீரகம், தோல், நாற்காலி எல்லாவற்றையும் பரிசோதித்து, விளையாட்டும் பாட்டுமாகக் கூடும் ஒரு மேளாவை நடத்துகிறார்கள். முதல் நாள் வந்தபோது சாகவே விரும்பியவர், பல வருடம் கழித்து மளிகைக் கடைக்காரராக வந்து நிற்பது புதிதாகச் சேர்ந்தவருக்குக் கிடைக்கும் மிகப்பெரிய மருந்து என்பது அங்கே வேலை செய்கிறவர்களின் அனுபவம்.

இப்படித் தேறியவர் வளாகத்து வாசலைத் தாண்டினால், அவரை அடித்துப்போட்ட அதே சாலைதான் எதிரில் இருக்கிறது. இப்போது அவரும் ஒரு பாதசாரி. சட்டம் அவரை அப்படித்தான் பார்க்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டி, நடைபாதையில் தடையின்றி நடக்கும் அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்றது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் விலகிப்போகத் தோதான அகலம் அது. விளிம்புக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் அமைய வேண்டும். இத்தகைய அணுகலை உரிமையாக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 2016-இல் வந்தது. நாற்காலிக்காரருக்காக எழுதிய இந்த அளவுகள் வயதானவருக்கும், குழந்தையை இடுப்பில் வைத்தவருக்கும், ஷிப்ட் முடிந்து கூட்டமாக வெளியே வரும் ஷூ கம்பெனிப் பெண்களுக்கும் அப்படியே பொருந்தும். வழியில் நட்ட மின்கம்பமும், பாதியில் வெட்டிவிட்ட கால்வாய் மூடியும், நடைபாதையில் நிறுத்திய பைக்கும் நடப்பவரைத் தார்ச்சாலையில் இறக்கிவிடுகின்றன. நாற்காலிக்காரரை வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன.

ஆகவே, வேலூரிலும் ஆம்பூரிலும் அடுத்த முறை ஒரு சாலையை அகலப்படுத்த வரைபடம் விரிக்கப்படும்போது, அந்த மேசையைச் சுற்றி உட்காரப் பாகாயத்திலிருந்து நான்கைந்து பேரை அழைக்க வேண்டும். எந்தத் திருப்பத்தில், எந்தக் கம்பெனி வாசலில், எந்த வெளிச்சமில்லாத பாலத்தடியில் எலும்பு முறிகிறது என்று தம் நோயாளிகளின் வாயிலாக அறிந்த சிகிச்சையாளர்கள் ஒருபுறம். நாற்காலியில் அந்தச் சாலையைக் கடந்துபார்த்தவர்கள் மறுபுறம். நடைபாதையின் அகலம், கடக்கும் இடம், சிக்னலில் பச்சை எரியும் நேரம் ஆகிய மூன்றிலும் கையெழுத்திடும் அதிகாரத்தை அவர்களுக்குத் தர ஒரு மாவட்ட ஆட்சியரின் உத்தரவு போதும்.